நாள் குறித்த கடன்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் அச்சகம் இருந்த தெருவில் கடன் கொடுக்காத கடை கிடையாது. அரிசி மொத்தக் கடை சில்லறைக் கடைக்குக் கடன் கொடுத்தது. சில்லறைக் கடை வீடுகளுக்குக் கொடுத்தது. மூட்டை இறக்குகிறவர் டீக்கடையில் பற்று வைத்தார்; டீக்கடைக்காரர் பால்காரரிடம் பற்று வைத்தார். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு முழுவதும் இப்படித்தான் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடைத்தெருவை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாஸ், அரண்மனை வேலைக்கு வருமுன் பொக்குமூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதியவர். கணக்கெழுதிப் பழகிய ஆள் போட்ட தெரு இது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம். அவர் பிறந்தபோது நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எல்லை மாறியது. அதனால் பிழைப்புக்காக ஆரியசாலைக்கு வந்ததை அவர் வேற்றூருக்குப் போனதாக நினைக்கவே இல்லை. எழுபதுகளில் எங்களிடம் இருந்தது ஒரு ட்ரெடில் மெஷின், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கும் அச்செழுத்துப் பெட்டிகள், எண் போடும் கருவி ஒன்று. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், லெட்டர்பேடு எல்லாம் அடித்தாலும் எங்களுக்குச் சோறு போட்டது பில் புக்.

பில் புக் சின்ன வேலையாகத் தெரியும். ஒரிஜினலுக்கு வெள்ளைத் தாள், நகலுக்கு மஞ்சள் தாள். இரண்டிலும் ஒரே எண் விழவேண்டும். ஓர் எண் தவறினால் விற்பனை வரி அதிகாரியிடம் கடைக்காரர்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். அதனால் அப்பா ஒவ்வொரு புத்தகத்தையும் தாள் தாளாகப் புரட்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே கட்டிக் கொடுப்பார். அந்தத் தெருவில் யார் யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்று எழுதுகிற தாள்களெல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போயின. ஒரு கடையின் உள்நிலவரத்தை அதை வைத்தே அவர் படித்துவிடுவார். "முன்ன மூணு மாசத்துக்கு ஒரு புக்கு கேட்டவரு, இப்ப மாசம் ஒண்ணு கேக்காரு. ஆனா நம்ம பாக்கி அப்படியே கெடக்கு. அவருக்கு வியாபாரம் கூடியிருக்கு, வசூல் கூடல. கொஞ்சம் பாத்துக்கணும்" என்பார். நான் பின்னாளில் படித்த எந்தக் கணக்கியல் புத்தகமும் ஒரு கடையை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சனிக்கிழமை கூலி நாள். கம்போசிட்டருக்கும் மெஷின் ஆளுக்கும் பைண்டிங் செய்கிற அக்காவுக்கும் மாலையில் கூலி கொடுத்தாக வேண்டும். அப்பா காலையில் பேரேட்டைப் புரட்டி, துண்டுச் சீட்டில் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக் கிளம்புவார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். போன இடத்தில் எடுத்த எடுப்பில் பாக்கியைப் பேசமாட்டார். அட்டக்குளங்கரைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவரிடம் நடந்த பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, மக பரீட்சை எழுதியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. உங்களுக்குத் தரவேண்டியது கெடக்கு. மழையில கச்சோடம் ஒண்ணும் இல்ல. தாரேன்."

"தாரேன்னு சொன்னா எனக்கு எழுதிக்கிட முடியாதே. என்னைக்குன்னு சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கடையில் மாதப் பற்று வைத்துச் சாப்பிட்டவர்களில் பலர் அரசு ஊழியர்கள். ஒன்றாம் தேதிக்கு மேல் சம்பளம் வாங்கி அவர்கள் பற்றைத் தீர்த்தால்தான் அவர் கல்லாவில் பணம் இருக்கும். "ஏழாம் தேதி வாங்க" என்றார். அப்பா துண்டுச் சீட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே 'ஏழு' என்று எழுதினார். ஏழாம் தேதி போனார். ஆறாம் தேதி போகமாட்டார். எட்டாம் தேதிக்குத் தள்ளவும் மாட்டார். முன்னால் போனால் சொன்ன வார்த்தையை நம்பவில்லை என்று ஆகும். பின்னால் போனால் தேதி பெரிதில்லை என்று ஆகும்.

மலையாளிக் கடைக்காரர்களிடமும் இதே பேச்சுதான். "சிங்ஙம் பிறக்கட்டே, தராம்" என்பார் ஒருவர், ஆவணி மாதத்தைச் சொல்லி. "சிங்ஙம் எத்ராம் தீயதி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் அப்பா படியிறங்குவார். பாக்கி வெளியூரில் இருந்தால் கடிதம் போடுவார். அஞ்சலட்டையில் ஒருநாளும் பாக்கியை எழுதியதில்லை. போஸ்ட்மேன் முதல் பக்கத்து வீட்டார் வரை படிப்பார்கள் என்பதால் இன்லண்ட் லெட்டரில் எழுதி ஒட்டி அனுப்புவார். கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. கேட்கப்படுகிறவருக்குக் கூச்சம் வந்துவிடக் கூடாது என்பதில்தான் அவருக்குக் கவனம்.

வாரமும் மாதமும் போக, வருடத்துக்கு இரண்டு பெரிய தவணைகள் இருந்தன. ஒன்று ஓணம். அரசு ஊழியர்களுக்குப் போனஸும் விழாப்படியும் வரும். ஊரில் பணம் புரளும். திருவோணத்துக்கு முன் பழைய பாக்கியைத் தீர்ப்பது மரியாதை. மற்றது நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் கோட்டைக்ககத்துக்கும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும், வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் ஆரியசாலை தேவி கோவிலுக்கும் எழுந்தருளுவார்கள். பூஜைவைப்புக்குப் பேரேட்டையும் எண் போடும் கருவியையும் துடைத்து வைப்போம். பூஜைக்கு வைக்கிற பேரேட்டில் பழைய பாக்கி இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது தெருவில் பலருக்கும் இருந்த எண்ணம். அந்த வாரத்தில் அப்பா யாரையும் தேடிப் போக வேண்டியிருக்காது. அவர்களே வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அட்டையும் கல்யாணக் கார்டும் தந்த சிவகாசி ஏஜென்டுக்கு அப்பா கொடுக்க வேண்டியதும் அதே வாரத்தில் தீரும். வாங்கியதை வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பதை அவர் திருட்டு என்றே சொல்வார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடன் தெரிந்த முகத்துக்கு மட்டுமே கிடைத்தது. ஊருக்குப் புதியவர், தெருவோரத்தில் கூடை வைத்தவர், கணவனை இழந்து இட்லிக் கடை போட்ட பெண் ஆகியோருக்கு மொத்தக் கடைகளில் ரொக்கம்தான். ராவோடு ராவாகக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப் போன பாக்கியைக் காந்தி கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். நீதிமன்றம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத தூரம். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சாட்சியாக ஏற்கப்படும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது என்று 1872-இன் சாட்சியச் சட்டம் 34-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தது. கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடியுமுன், 'இவ்வளவு தரவேண்டியிருக்கிறது' என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். அப்பா சட்டம் படித்தவரில்லை. ஆனாலும் இழுத்துக்கொண்டே போகும் பாக்கிக்கு வருடம் ஒருமுறை பேரேட்டுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவார். கடைத்தெருவில் அனுபவப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

அன்று எங்களைக் காக்கச் சட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பணம் அனுப்ப வேகமான வழியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு நாள் இருந்தது.

வழிகளும் சட்டங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1989 ஏப்ரல் 1 முதல், பணமில்லாமல் திரும்பும் செக் குற்றமானது. வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்த 15 நாளுக்குள் (பின்னாளில் 30 நாள்) நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம், இல்லையென்றால் வழக்கு. தெருவில் அதுவரை செக்கை நம்பாதவர்கள்கூட வாங்கத் தொடங்கினார்கள். 1993-இல் சிறுதொழில்களுக்குத் தாமதமாகத் தரும் பணத்துக்கு வட்டி வேண்டும் என்று தனிச்சட்டம் வந்தது. அதைவிட விரிவான குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அந்த நவம்பர் 8-ஆம் தேதி இரவு பெரிய நோட்டுகள் செல்லாமல் போனபின் டீக்கடைக்காரரும் போனில் பணம் வாங்கப் பழகினார். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் அச்சகத்தில் இரவிலும் மெஷின் ஓடியது. புதிய வரி எண்ணோடு, சரக்குக் குறியீட்டுக்கும் இரண்டு வரிகளுக்கும் கட்டம் போட்ட பில் புக் சாலைத் தெரு முழுவதற்கும் ஒரே சமயத்தில் வேண்டியிருந்தது. அதுதான் பில் புக்குக்கு வந்த கடைசிப் பெரிய சீசன். பிறகு ஒவ்வொரு கடையாகக் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறியது.

அச்சகத்தை நான் ஆஃப்செட்டுக்கும் டிஜிட்டலுக்கும் மாற்றியிருக்கிறேன். இன்று எங்கள் வாடிக்கையாளர்கள் ஆஸ்பத்திரிகள், கோச்சிங் சென்டர்கள், அடுக்குமாடி கட்டுகிறவர்கள், கழக்கூட்டத்துப் பக்கமுள்ள ஐடி கம்பெனிகள். சாலைத் தெருவின் சின்னக் கடைக்காரர் இன்றும் வேலையை வாங்கிய இடத்திலேயே போனை நீட்டிப் பணத்தைப் போட்டுவிடுகிறார். தாமதம் வருவது பெரிய இடங்களிலிருந்து. பணம் இல்லாதவர் தவணை கேட்ட காலம் போய், பணம் இருப்பவர் தவணை எடுத்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது.

ஒரு பில் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நோயாளிக் கோப்புகள் அடித்துக் கொடுத்தோம். வேலையை ஏவியவர் நிர்வாகப் பிரிவுக்காரர். சரக்கை வாங்கி வைத்தவர் ஸ்டோர்காரர். பில்லை வாங்கியவர் அக்கவுண்ட்ஸ்காரர். பாஸ் செய்ய வேண்டியவர் கொச்சியில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை என்று திரும்பியது. எண் தரவேண்டியவர் அவர்களுடைய நிர்வாகப் பிரிவுக்காரர்தான். எண் வந்தபின், ஸ்டோரில் சரக்கு வரவு வைத்த சீட்டு இணைக்கப்படவில்லை என்று நின்றது. அதுவும் அவர்கள் போட வேண்டிய சீட்டு. எல்லாம் சேர்ந்தபோது அந்த மாதத்துப் பேமென்ட் சைக்கிள் முடிந்துவிட்டிருந்தது. போனில் பேசிய பெண் மிக மரியாதையாகத்தான் பேசினார். "பில்லு பிராசஸிலா, சாரே. அடுத்த சைக்கிளில் நோக்காம்." எத்தனாம் தேதி என்று கேட்டேன். "டேட் பறயான் எனிக்கு பற்றில்ல" என்றார். தேதி சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை; அதிகாரம் உள்ளவரோடு எனக்குப் பேச்சில்லை. எந்தக் கண் முன்னால் நான் 'ஏழு' என்று எழுதிக்கொள்வது?

இதற்குள் மற்ற எல்லாருக்கும் தேதி வந்துபோகிறது. சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு 1936-ஆம் ஆண்டின் சம்பளச் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி உண்டு. காகிதக் கடைக்குத் தவணை உண்டு. வரிக்கும் உண்டு. 10,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத வரி என்றால் பில் 11,800. பில் போட்ட கணக்கிலேயே அந்த 1,800 எங்கள் பொறுப்பாகிவிடுகிறது. காகிதத்துக்குக் கொடுத்த வரியைக் கழித்ததுபோக மீதியைக் கெடு தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாங்கியவர் எங்களுக்குப் பணம் தந்தாரா என்று வரித்துறை கேட்காது. அந்தப் பக்கம், வாங்கியவர் தானும் ஜிஎஸ்டி கட்டுகிறவரானால், எங்கள் பில்லைக் காட்டி அதே 1,800-ஐத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால் கழித்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 180 நாள் என்பது அரை வருடம். அந்த அரை வருடம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நாங்கள் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்களாகவும், அவர்களுடைய வரியையும் சுமந்தவர்களாகவும் இருக்கிறோம்.

2006 சட்டத்தை நம் வியாபாரிகள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் தரவேண்டும். எப்படிப் பேசினாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கில் குறை இருந்தால் வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாங்கிய தேதியிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். 50,000 ரூபாய் பாக்கி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 59,800 ஆகும். தகராறு என்றால் மாநில அரசின் வசதி மன்றத்துக்குப் போகலாம். அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வாங்கியவர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். 2017 அக்டோபரில் சமாதான் என்ற அரசு இணையதளம் வந்தபின் புகாரை இணையத்திலேயே தரலாம். 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி பிரிவின் எச் உட்பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. கெடு தாண்டி நிறுத்திவைத்த தொகையை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் பணம் தந்த வருடத்தில்தான் காட்ட முடியும். அதன்பின் மார்ச் மாதத்தில் எங்களைத் தேடியும் போன் வரத் தொடங்கியது. "நிங்ஙள்க்கு உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் உண்டோ?" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்தே கேட்கிறார்கள். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு.

உலகத்தில் நாம் மட்டும் இந்தப் பாடு படவில்லை. பிரிட்டனில் 1998-இல் தாமத வட்டிக்கென்றே சட்டம் போட்டார்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல், அரசு அலுவலகங்கள் பொதுவாக 30 நாளுக்குள் தரவேண்டும் என்று விதித்தது. எல்லா நாட்டிலும் தெரிந்தது ஒன்றுதான்: பெரியவர் தாமதிப்பார், சின்னவர் கேட்க அஞ்சுவார். சட்டத்தை எடுத்துக் காட்டினால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் ஆரியசாலையிலும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பாதி வேலை ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும்போது நோட்டீஸ் அனுப்பக் கை வராது.

அதனால்தான் நான் அப்பாவின் வழிக்கே வந்திருக்கிறேன். சட்டத்தைக் கடைசியில் எடுக்கிறேன். நாளை முதலில் கேட்கிறேன். விலை சொல்லும் சீட்டிலேயே பணம் தரவேண்டிய தேதியையும் எங்கள் உத்யம் எண்ணையும் அச்சிட்டிருக்கிறோம். அந்தச் சீட்டில் வாங்குகிறவர் கையெழுத்திட்ட பிறகே மெஷினில் தாள் ஏறும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் வேலைக்கு முன்னால் வரவேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் டெலிவரி சலானில் பெயர், தேதி, சீல். கெடு ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். பில்லைச் சரக்கோடு அன்றே கொடுத்துவிடுவோம். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு போன், அது பணம் கேட்க அல்ல, "காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறதா, ஏதாவது குறைகிறதா?" என்று கேட்க. பெரும்பாலான தடை அந்தப் பேச்சிலேயே வெளியே வந்துவிடும். கெடு அன்று, காலையிலேயே, குரலை உயர்த்தாமல் கேட்பது. அது தவறினால் எழுத்தில் ஒரு கடிதம், அதில் சட்டப் பிரிவின் பெயர். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் அடுத்த வேலையை எடுப்பதில்லை. கல்யாணக் கார்டுக்குப் பாதித் தொகை முன்பணம். கார்டில் தப்பிருந்தால் எங்கள் செலவில் திருப்பி அடித்துத் தருகிறோம் என்பதையும் அதே சீட்டில் எழுதியிருக்கிறோம். நாள் கேட்கிறவன் தன் பக்கத்தையும் எழுதித் தரவேண்டும்.

ஒரு கம்பெனியின் நிதி அதிகாரி இந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு அச்சகம் இப்படித் தேதி போட்டுக் கேட்பது நல்லது. எங்களுக்கும் எதை முதலில் கொடுப்பது என்று தெரியும்" என்றார். மேஜையில் அடுக்கியிருக்கும் பில்களில் தேதி எழுதியது மேலே வருகிறது. எழுதாதது அடியில் போகிறது. அப்பா நேரில் நின்று செய்த வேலையை இன்று அந்தத் தேதி செய்கிறது. ஆனாலும் நேரில் போவதை நான் விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரியின் அந்த அக்கவுண்ட்ஸ் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். பில்கள் எந்தக் கிழமை கொச்சிக்கு அனுப்பப்படுகின்றன என்று அவர் சொன்னார். அந்தக் கிழமைக்கு முன்னால் எங்கள் காகிதம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறோம். பணம் இப்போது கெடுவுக்குள் வருகிறது. அவரும் எங்களைப் போலச் சம்பளத் தேதியை எதிர்பார்த்திருக்கும் ஒருவர்தான்.

தாமதம் யாரைத் தொடுகிறது என்று பார்த்தால் கடைசியில் இருப்பவரைத்தான். சாலைத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன் 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவின் சுமைகூலிகளையும் தெருவோர மனிதர்களையும் கதைகளில் எழுதிவைத்தார். அவர் எழுதிய அந்த மனிதர்களிடம்தான் எல்லாத் தாமதமும் வந்து முடிகிறது. பெரிய நிறுவனம் எனக்குத் தரவில்லை. நான் காகிதக் கடைக்குத் தள்ளிப்போடுகிறேன். காகிதக் கடைக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவரிடம் "நாளைக்கு வா" என்கிறார். ஆட்டோக்காரருக்கு "நாளைக்கு வா" என்று சொல்ல ஆள் கிடையாது. அவர் வீட்டில் அரிசி இறங்காது. இந்த வரிசை எங்கள் அச்சகத்தோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மேலே யார் தாமதித்தாலும் பைண்டிங் செய்கிறவரின் சம்பளமும் ஆட்டோக் கூலியும் நாள் தவறுவதில்லை. அதற்காகவே வங்கியில் ஓவர்டிராஃப்ட் வைத்திருக்கிறோம்; அதற்கு வட்டி கட்டுகிறோம். அந்த வட்டி நியாயமாக எங்களுக்குத் தரவேண்டியவர்கள் கட்ட வேண்டியது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலை 2-ஆம் தேதி மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் அது முன்னுரிமைக் கடன் பெற மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அச்சடிக்கிற எனக்கு 45 நாள் சட்டம் உண்டு. எனக்குப் பக்கத்துக் கடையில் அரிசி விற்று, பெரிய ஓட்டல்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவருக்கு இல்லை. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே வாடகை, ஒரே சம்பளத் தேதி. இந்தக் கடைத்தெரு இருநூறு வருடத்துக்கு மேலாக வியாபாரிகளின் கடனில்தான் ஓடியிருக்கிறது. அந்தக் கடன் கொடுத்தவர்களையும் சட்டம் தன் நிழலுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எழுதித் தரவேண்டும். கையெழுத்திடுகிறவர்களில் நானும் இருப்பேன்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். சிறுதொழில் நடத்துகிறவர்கள் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. வேலையை ஒப்புக்கொள்ளுமுன் நாளைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், எழுதிய நாளில் கேளுங்கள். பெரிய நிறுவனங்களில் பில்லுக்குக் கையெழுத்திடுகிறவர்கள், உங்கள் மேஜையிலிருக்கும் சின்னத் தொகைகளை முதலில் எடுங்கள். உங்கள் கணக்கில் கடைசி வரியில் நிற்கும் அந்தத் தொகைதான் இன்னொரு இடத்தில் நாலு பேருடைய அந்த மாதச் சம்பளம். தரமுடியாமல் போனால் அதையும் சொல்லுங்கள். கூடவே என்றைக்குத் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாள் தெரிந்தால் நாங்கள் காத்திருப்போம். காத்திருந்து பழகிய தெருதான் இது.